ரெகுலேட்டருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? லினக்ஸ் கெர்னல் டிரைவர் எழுத வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்து முறை போர்டை ஆன் செய்தால் ஒன்பது முறை சென்சார் ஒழுங்காக எழுந்துகொள்கிறது. ஒரு முறை மட்டும் ஐ2சி பஸ்ஸில் பதிலே வருவதில்லை. கெர்னல் லாக்கில் மைனஸ் 121 அல்லது மைனஸ் 6 என்ற பிழை எண் நிற்கிறது. அடுத்த ரீபூட்டில் எல்லாம் சரியாகிவிடுகிறது. இப்படி வந்து வந்து போகும் பிழையைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சப்ளை நேரத்தைத்தான்.

பலர் உடனே செய்வது, சென்சார் டிரைவரின் புரோப் செயற்கூறில் (சாதனத்தைத் தொடங்க கெர்னல் அழைப்பது) எம்ஸ்லீப்(100) என்று ஒரு வரி சேர்ப்பது. பிழை மறைந்துவிடும். ஆனால் அதே சென்சார் வேறொரு போர்டில், வேறொரு ரெகுலேட்டரோடு (சாதனத்துக்கு நிலையான மின்னழுத்தம் தரும் சிப்) வரும்போது அந்த 100 மில்லி வினாடி அங்கே தேவையே இருக்காது, அல்லது போதாது. இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே விதி: காத்திருப்புக்கான காரணம் எந்தப் பொருளில் இருக்கிறதோ, அந்தப் பொருளை விவரிக்கும் இடத்தில்தான் காத்திருப்பை எழுத வேண்டும். காரணம் ரெகுலேட்டர் சிப்பில் இருந்தால் ரெகுலேட்டர் டிரைவரில். போர்டில் இருந்தால், போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பான டிவைஸ் ட்ரீயில். சென்சாருக்குள் இருந்தால் மட்டுமே சென்சார் டிரைவரில்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸ் கெர்னலின் ரெகுலேட்டர் கட்டமைப்பைப் பற்றியது. 2008-இல் வெளிவந்த 2.6.27 பதிப்பிலிருந்து அது கெர்னலில் இருக்கிறது. செயற்கூறுகள், டிவைஸ் ட்ரீ பண்புகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம்.

நான்கு நேரங்கள், நான்கு காரணங்கள்

"பவர் வர நேரம் ஆகும்" என்று பொதுவாகச் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு நேரங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, ஆன் ஆகும் நேரம். எனேபிள் சிக்னல் கொடுத்த கணத்திலிருந்து வெளியீட்டு மின்னழுத்தம் தன் இலக்கைத் தொடும் வரை ஆவது. ரெகுலேட்டரின் சாஃப்ட் ஸ்டார்ட் சுற்று, வெளியே இருக்கும் கெப்பாசிட்டர்கள், கரண்ட் லிமிட் ஆகிய மூன்றும் இதை முடிவு செய்கின்றன.

இரண்டாவது, ஏற்கெனவே ஆனில் இருக்கும் ரெகுலேட்டரை ஒரு மின்னழுத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஆகும் நேரம். இதை ரேம்ப் என்கிறோம்.

மூன்றாவது, அணைத்த பிறகு கெப்பாசிட்டர்கள் காலியாக ஆகும் நேரம். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான்.

நான்காவது, மின்சாரம் முழுதாக வந்த பிறகு சாதனம் தனக்குள் பூட் ஆகிப் பேசத் தயாராகும் நேரம். இதற்கும் ரெகுலேட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் மூன்றையும் ரெகுலேட்டர் கட்டமைப்பே கவனித்துக்கொள்ளும், சரியான எண்களைக் கொடுத்தால். ரெகுலேட்டர்_எனேபிள் செயற்கூறு திரும்பி வரும்போது மின்னழுத்தம் நிலைத்துவிட்டது என்பதே கெர்னல் தரும் உறுதி. அந்த உறுதி உண்மையாவதும் பொய்யாவதும் நீங்கள் எழுதும் எண்களைப் பொறுத்தது. எண்ணே கொடுக்காவிட்டால் ஆன் ஆகும் நேரம் சுழியம் என்று கெர்னல் எடுத்துக்கொண்டு, எனேபிள் கொடுத்த கையோடு திரும்பிவிடும்.

படி 1: டேட்டாஷீட்டில் எதைத் தேடுவது

ரெகுலேட்டர் டேட்டாஷீட்டின் மின்பண்பு அட்டவணையில் ஸ்டார்ட்அப் டைம், சாஃப்ட் ஸ்டார்ட் டைம், டர்ன்-ஆன் டிலே என்ற தலைப்புகளைப் பாருங்கள். சில சிப்களில் டர்ன்-ஆன் டிலே என்பது எனேபிளிலிருந்து மின்னழுத்தம் ஏறத் தொடங்கும் வரை உள்ள நேரம் மட்டுமே. ஏறி முடிக்கும் நேரம் தனி வரியில் இருக்கும். அப்படியானால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

குறைந்தபட்சம், வழக்கமானது, அதிகபட்சம் என்று மூன்று நெடுவரிசைகள் இருக்கும். எப்போதும் அதிகபட்ச எண்ணையே எடுங்கள். வழக்கமான மதிப்பு மட்டும் கொடுத்திருந்தால் அதை இரட்டிப்பாக்கி எழுதிவிட்டு, அடுத்த படியில் அளந்து பாருங்கள்.

டேட்டாஷீட் எண் ஒரு குறிப்பிட்ட கெப்பாசிட்டரோடு, ஒரு குறிப்பிட்ட லோடோடு அளந்தது. உங்கள் போர்டில் அது மாறும். ஒரு கணக்கு: 3.3 வோல்ட் ரெயிலில் (ரெகுலேட்டரின் வெளியீட்டு மின்கோட்டில்) மொத்தம் 100 மைக்ரோஃபாரட் இருக்கிறது, ரெகுலேட்டர் 1 மில்லி வினாடியில் ஏற முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெப்பாசிட்டரை நிரப்ப மட்டும் 330 மில்லி ஆம்பியர் வேண்டும். ரெகுலேட்டரின் கரண்ட் லிமிட் 200 மில்லி ஆம்பியர் என்றால் அது 1 மில்லி வினாடியில் ஏறவே முடியாது. 100 மைக்ரோஃபாரட்டை 3.3-ஆல் பெருக்கி 0.2-ஆல் வகுத்தால் 1.65 மில்லி வினாடி. அந்த நேரத்தில் லோடும் மின்னோட்டம் இழுத்தால் இன்னும் கூடும். சிப்பின் எண்ணை அப்படியே நம்பிப் போர்டில் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 2: போர்டில் அளப்பது

ஆசிலோஸ்கோப்பின் ஒரு சானலை எனேபிள் பின்னில் வையுங்கள். ரெகுலேட்டரை ஐ2சி வழியே இயக்குவதானால் அதன் தரவுக் கோடான எஸ்டிஏ-வில் வையுங்கள். இரண்டாவது சானலை ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் வைக்காமல், சாதனத்தின் சப்ளை பின்னுக்கு அருகிலுள்ள கெப்பாசிட்டரில் வையுங்கள். இடையில் ஃபெரைட் பீடோ லோட் ஸ்விட்சோ இருந்தால் இரண்டு இடங்களிலும் அலைவடிவம் வேறுபடும். ட்ரிகரை ஒற்றை முறைக்கு அமைத்து, எனேபிள் விளிம்பிலிருந்து மின்னழுத்தம் சாதனத்தின் குறைந்தபட்ச இயக்க மின்னழுத்தத்தைத் தாண்டி நிலைக்கும் வரை அளக்க வேண்டும்.

உள்ளீட்டு மின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்போதும், லோடு மிக அதிகமாக இருக்கும்போதும், போர்டு குளிர்ந்தும் சூடாகவும் இருக்கும்போதும் அளந்து, கிடைத்ததில் பெரிய எண்ணுக்கு மேல் நான்கில் ஒரு பங்கு கூட்டி எழுதினால் போதும். பத்து மடங்கு கூட்டுவது பாதுகாப்பு ஆகாது. ஒவ்வொரு ரிசூமிலும் (உறக்கத்திலிருந்து எழும்போதும்) பயனர் அந்த நேரத்தைக் காத்துக் கழிக்க வேண்டியிருக்கும்.

படி 3: டிவைஸ் ட்ரீயில் எழுதுவது

ஜிபிஐஓ (மென்பொருளால் ஹை, லோ ஆக்கும் பின்) மூலம் மட்டும் ஆன்-ஆஃப் ஆகும் சாதாரண ரெகுலேட்டர் என்றால், ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்ட் வகை நோடில் இப்படி வரும்:

ஸ்டார்ட்அப்-டிலே-யுஎஸ் = <2500>;
ஆஃப்-ஆன்-டிலே-யுஎஸ் = <120000>;

முதல் எண் ஆன் ஆகும் நேரம், இரண்டாவது அணைத்துவிட்டு மீண்டும் போடுவதற்கு முன் விட வேண்டிய இடைவெளி. இரண்டும் மைக்ரோ வினாடியில். மில்லி வினாடி என்று நினைத்து 3 என்று எழுதிவிட்டு, "டிலே வேலை செய்யவில்லை" என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பவர் மேனேஜ்மென்ட் ஐசி-க்குள் இருக்கும் ரெகுலேட்டர்களுக்குப் பொதுவான பண்புகள் உண்டு. இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ரெகுலேட்டர்-ரேம்ப்-டிலே, ரெகுலேட்டர்-எனேபிள்-ரேம்ப்-டிலே என்ற இரண்டும் பெயரில் உடன்பிறப்புகள் போலத் தெரியும். முதலாவது ஒரு வேகம்: ஒரு மைக்ரோ வினாடிக்கு எத்தனை மைக்ரோ வோல்ட் என்பது அதன் அலகு. இரண்டாவது ஒரு நேரம்: வெறும் மைக்ரோ வினாடி. ஆகவே முதலாவதில் எண்ணைக் கூட்டினால் கெர்னல் காத்திருக்கும் நேரம் குறையும். இரண்டாவதில் கூட்டினால் நேரம் கூடும். பாதுகாப்புக்காக இரண்டையும் இரட்டிப்பாக்குபவர் ஒன்றைப் பாதியாக வெட்டிவிடுகிறார்.

அலகு மாற்றத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாஷீட் பெரும்பாலும் மைக்ரோ வினாடிக்கு இத்தனை மில்லி வோல்ட் என்று சொல்லும். அதை 1000-ஆல் பெருக்கினால் டிவைஸ் ட்ரீ எண் வரும். 12.5 மில்லி வோல்ட் என்றால் 12500.

ரெகுலேட்டர்-ரேம்ப்-டிலே விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ரேம்ப் வேகத்தை மாற்றும் வசதி சிப்பில் இருந்து, டிரைவரும் அதை ஆதரித்தால், இந்த எண் சிப்பின் ரெஜிஸ்டருக்கே போகும். அந்த வசதி இல்லாத சிப்பில் இது காத்திருப்பைக் கணக்கிட மட்டுமே பயன்படும். சிப்பின் உண்மையான வேகத்தைவிடப் பெரிய எண்ணை அங்கே எழுதினால் சிப் வேகமாகிவிடாது, கெர்னல் சீக்கிரம் கிளம்பிவிடும், அவ்வளவுதான். சுழியம் எழுதினால், சிப்பின் ரேம்ப் கட்டுப்பாட்டையே நிறுத்தச் சொல்வதாகப் பொருள். "எனக்கு டிலே வேண்டாம்" என்பதற்காக 0 போடாதீர்கள்.

டிரைவர் ஒரு எண்ணும் டிவைஸ் ட்ரீ ஒரு எண்ணும் சொன்னால் டிவைஸ் ட்ரீ எண்ணே வெல்லும். போர்டின் உண்மை போர்டு கோப்பில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு ஏற்ற ஏற்பாடு இது.

ரெகுலேட்டர் டிரைவரையே எழுதுகிறீர்கள் என்றால்

ரெகுலேட்டர்_டெஸ்க் கட்டமைப்பில் எனேபிள்_டைம், ரேம்ப்_டிலே, ஆஃப்_ஆன்_டிலே ஆகிய புலங்களை நிரப்புங்கள். சிப்பின் டேட்டாஷீட் அதிகபட்சங்கள் இங்கே போகட்டும். போர்டு வேறுபாடு டிவைஸ் ட்ரீயில் மேலெழுதப்படும்.

சிப்பில் பவர்-குட் (மின்னழுத்தம் இலக்கை எட்டிவிட்டது) நிலையைச் சொல்லும் பிட் இருந்தால் போல்_எனேபிள்ட்_டைம் என்ற புலத்தைப் பயன்படுத்தலாம். அதில் 200 என்று கொடுத்தால், கோர் (ரெகுலேட்டர் கட்டமைப்பின் மையப் பகுதி) 200 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை நிலையைப் பார்த்து, தயாரானதும் திரும்பிவிடும். முழு நேரத்தையும் காத்துக் கழிக்க வேண்டியதில்லை. இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன.

ஒன்று, எனேபிள்_டைம் புலத்தைக் காலியாக விடுவது. போலிங்கிற்கான (இப்படி மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கான) உச்சவரம்பு அந்தப் புலத்திலிருந்தே வருகிறது. அது சுழியமாக இருந்தால் ஒரு முறைகூடப் பார்க்காமலே "எனேபிள்ட் செக் டைம்ட் அவுட்" என்ற செய்தியோடு மைனஸ் 110 திரும்பும்.

இரண்டாவது நுட்பமானது, ஆகவே ஆபத்தானது. இஸ்_எனேபிள்ட் செயற்கூறு பல டிரைவர்களில் நாம் சற்று முன் எழுதிய எனேபிள் பிட்டையே திரும்பப் படிக்கிறது. எழுதியதைப் படித்தால் எழுதியதுதான் வரும். மின்னழுத்தம் இன்னும் ஏறாமல் இருக்கும்போதே முதல் சுற்றில் "ஆன்" என்ற பதில் கிடைத்துவிடும், காத்திருப்பு முழுவதும் வீணாகும். போலிங் வேண்டுமென்றால் கெட்_ஸ்டேட்டஸ் செயற்கூறை எழுதி, அதில் உண்மையான பவர்-குட் பிட்டைப் படியுங்கள். அது இருந்தால் கோர் அதையே கேட்கும்.

மின்னழுத்தத்தை மாற்றும்போது

செட்_வோல்டேஜ் அழைப்பின்போது கோர் செய்யும் கணக்கு எளிது: பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை ரேம்ப் வேகத்தால் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கும். 0.8 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு, 12500 வேகத்தில், 24 மைக்ரோ வினாடி. வேகம் 6250 என்றால் 48.

சிறிய எண்தானே என்று விட்டால் சிபியு சப்ளையில் விளைவு பயங்கரமாக இருக்கும். கடிகார வேகத்தைக் கூட்டும்போது முதலில் மின்னழுத்தம் ஏற வேண்டும், பிறகு அதிர்வெண். குறைக்கும்போது முதலில் அதிர்வெண், பிறகு மின்னழுத்தம். இந்த வரிசையைக் கெர்னல் சரியாகவே செய்கிறது. ஆனால் ரேம்ப் எண் விடுபட்டிருந்தால், மின்னழுத்தம் பாதி வழியில் இருக்கும்போதே அதிர்வெண் உயர்ந்துவிடும். சிபியு சில மைக்ரோ வினாடிகள் போதாத மின்னழுத்தத்தில் ஓடும். தொடர்பே இல்லாத இடங்களில் கெர்னல் ஊப்ஸ், நினைவகப் பிழை, திடீர் உறைதல் என்று வரும். ஒவ்வொரு முறையும் வேறு ஸ்டாக் ட்ரேஸ் காட்டும் கிராஷைத் துரத்துகிறீர்கள் என்றால், மென்பொருளைப் புரட்டுவதற்கு முன் சிபியு ரெயிலின் ரேம்ப் எண்ணைச் சரிபாருங்கள். அதிர்வெண்ணை ஒரே அளவில் பூட்டிவைத்தால் கிராஷ் நிற்கிறதா என்பது ஐந்து நிமிடச் சோதனை.

"ஐ2சி-யில் எழுதவே நேரம் ஆகிறதே, அதுவே காத்திருப்பாகாதா" என்று கேட்கலாம். 400 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு ரெஜிஸ்டர் எழுத மூன்று பைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை பிட், சேர்த்து ஏறத்தாழ 70 மைக்ரோ வினாடி ஆகும்தான். ஆனால் கடைசி பைட் போய்ச் சேர்ந்த பிறகே சிப் ரேம்பைத் தொடங்குகிறது. பஸ் நேரம் ரேம்புக்கு முன்னால் வருவது, அதைக் கழித்துக்கொள்ள முடியாது.

இறங்கும் திசைக்குத் தனிக் கவனம் வேண்டும். லேசான லோடில் பக் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்விட்சிங்) ரெகுலேட்டர் மின்சக்தியைச் சேமிக்கும் முறைக்குப் போய்விட்டால், மின்னழுத்தத்தை அது கீழே இழுக்காது. லோடு கெப்பாசிட்டரைக் குடித்துத் தீர்க்கும் வரை சும்மா இருக்கும். 100 மைக்ரோஃபாரட், 0.2 வோல்ட் இறக்கம், 2 மில்லி ஆம்பியர் லோடு என்றால் 10 மில்லி வினாடி. ரேம்ப் கணக்கு சொல்வது 16 மைக்ரோ வினாடி. மின்னழுத்தம் உண்மையில் இறங்கியிருக்க வேண்டும் என்று சாதனம் எதிர்பார்த்தால் ரெகுலேட்டர்-செட்லிங்-டைம்-டவுன்-யுஎஸ், ரெகுலேட்டர்-செட்லிங்-டைம்-அப்-யுஎஸ் என்று திசைக்கு ஒரு எண் கொடுக்கலாம். ரேம்ப் வேகம் கொடுத்திருந்தால் கோர் அதையே முதலில் எடுக்கும், செட்லிங் எண்களைப் பார்க்காது. டிவைஸ் ட்ரீயிலோ ரெகுலேட்டர் டிரைவரிலோ ரேம்ப் எண் எங்கிருந்தாலும் இது பொருந்தும். ஆகவே இரண்டையும் சேர்த்து எழுதிப் பயனில்லை.

அணைத்து மீண்டும் போடுவது

ரெகுலேட்டர்_டிஸேபிள் திரும்பி வந்துவிட்டது என்பதற்கு மின்னழுத்தம் சுழியத்துக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. அணைக்கும் கட்டளை போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள்.

ஒரு ரெயிலில் 47 மைக்ரோஃபாரட் இருக்கிறது, அணைத்த பிறகு அதை வடிக்க 1 கிலோ ஓம் அளவுக்கு லோடு இருக்கிறது என்போம். நேர மாறிலி 47 மில்லி வினாடி. 3.3 வோல்ட்டிலிருந்து 0.5 வோல்ட்டுக்கு இறங்க அதைப்போல 1.89 மடங்கு, அதாவது 89 மில்லி வினாடி ஆகும். கெப்பாசிட்டர் 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் 106. மேலே டிவைஸ் ட்ரீயில் 120000 என்று எழுதியது இந்தக் கணக்கில்தான். இதே ரெயிலுக்கு ரெகுலேட்டருக்குள் 100 ஓம் டிஸ்சார்ஜ் மின்தடை இருந்து அதை இயக்கிவிட்டால் 9 மில்லி வினாடியில் வேலை முடியும். அந்த வசதி உள்ள சிப்களில் ரெகுலேட்டர்-ஆக்டிவ்-டிஸ்சார்ஜ் = <1> என்று எழுதுங்கள். காத்திருப்பைக் கூட்டுவதைவிட இது எப்போதும் மேல்.

முழுதாக வடியாமல் மீண்டும் போட்டால் என்ன கெட்டுவிடும்? சாதனத்தின் உள்ளே இருக்கும் பவர்-ஆன் ரீசெட் சுற்று, மின்னழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே போனால்தான் இயங்கும். 1.5 வோல்ட் வரை இறங்கி மறுபடி ஏறினால், சில பகுதிகள் ரீசெட் ஆகி, சில பகுதிகள் பழைய நிலையிலேயே நிற்கும். அந்தக் கலவையான நிலையிலிருந்து சாதனத்தை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாமல் போகலாம். எஸ்டி கார்டு விதிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: மறுதொடக்கத்துக்கு சப்ளை 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தது 1 மில்லி வினாடி இருக்க வேண்டும். லேப்டாப் திரைகளில் பயன்படும் இடிபி பேனல்களுக்கு அணைத்த பிறகு மீண்டும் போட 500 மில்லி வினாடி இடைவெளி கேட்கப்படுகிறது. பேனலின் இந்தத் தேவைக்குக் காரணம் பேனலுக்குள் இருப்பதால் அது பேனல் டிரைவரில் வாழ்கிறது. ரெயில் வடியும் நேரம் ரெகுலேட்டரில் வாழ்கிறது.

ஆஃப்_ஆன்_டிலே நன்றாக வடிவமைக்கப்பட்ட ஒன்று. அணைத்த நேரத்தைக் கோர் குறித்துவைத்து, மறுபடி போடும்போது மிச்சம் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே காத்திருக்கிறது. அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் காத்திருப்பு இல்லை. டிரைவரில் அணைத்த கையோடு நீங்களே எம்ஸ்லீப் வைத்தால் இந்த நன்மை போய்விடும்.

எவ்வளவு காத்தாலும் ரெயில் 0.6, 0.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் அடம்பிடித்தால் அது நேரப் பிரச்சினை அல்ல. வேறு வழியாக மின்சாரம் கசிந்து உள்ளே வருகிறது. ஐ2சி புல்-அப் மின்தடைகள் எப்போதும் ஆனில் இருக்கும் ரெயிலில் இருந்தாலோ, ஹோஸ்டின் ஜிபிஐஓ பின் ஹையாகவே நின்றாலோ, சாதனத்தின் உள்ளீட்டுப் பாதுகாப்பு டயோடுகள் வழியே சப்ளை ஊட்டப்படும். அணைப்பதற்கு முன் ரீசெட் பின்னையும் மற்ற வெளியீட்டுப் பின்களையும் லோவுக்குக் கொண்டுவந்து, கிளாக்கை நிறுத்திவிட்டு, பிறகு ரெகுலேட்டரை அணையுங்கள்.

கன்ஸ்யூமர் டிரைவரில் எழுத வேண்டிய வரிசை

ரெகுலேட்டர் தரும் மின்சாரத்தைப் பயன்படுத்தும் சாதனத்தின் டிரைவரே கன்ஸ்யூமர் டிரைவர். சென்சார், கேமரா, திரை எதுவானாலும் புரோப் இப்படி ஓட வேண்டும்.

1. சப்ளைகளையும் ரீசெட் ஜிபிஐஓ-வையும் கிளாக்கையும் பெறுங்கள். ரீசெட்டைப் பெறும்போதே அழுத்திய நிலையில் பெறுங்கள். பிழை வந்தால் டெவ்_எர்_புரோப் மூலம் திருப்பி அனுப்புங்கள். ரெகுலேட்டர் இன்னும் வந்து சேராதபோது வரும் மைனஸ் 517 பிழையல்ல, கெர்னல் பிறகு மறுபடி அழைக்கும்.
2. ரெகுலேட்டர்களை எனேபிள் செய்யுங்கள். திரும்பும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள்.
3. சாதனத்தின் டேட்டாஷீட் சப்ளைக்கும் கிளாக்குக்கும் இடையே கேட்கும் நேரத்தை விடுங்கள். பிறகு கிளாக்கைத் தொடங்குங்கள்.
4. ரீசெட்டை விடுவியுங்கள். சாதனத்தின் பூட் நேரம் காத்திருங்கள்.
5. அடையாள ரெஜிஸ்டரைப் படியுங்கள். தோற்றால் மேலே செய்ததை நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

இரண்டாம் படியில் ஒரு எச்சரிக்கை. ரெகுலேட்டர்_பல்க்_எனேபிள் வசதியானதுதான், ஆனால் அது எல்லா சப்ளைகளையும் ஒரே நேரத்தில் இணையாகத் தொடங்குகிறது. பட்டியலில் எழுதிய வரிசையில் ஆன் ஆகும் என்று நம்பக் கூடாது. அணைக்கும்போது மட்டும் பட்டியலின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அணைக்கும். 1.8 வோல்ட் முதலில், 2.8 வோல்ட் பிறகு என்று டேட்டாஷீட் வரிசை கேட்டால், தனித்தனியாக ரெகுலேட்டர்_எனேபிள் அழையுங்கள்.

லாக்கில் "யூசிங் டம்மி ரெகுலேட்டர்" என்று வந்தால் நின்று பாருங்கள். டிவைஸ் ட்ரீயில் சப்ளை பெயர் விடுபட்டிருக்கிறது அல்லது எழுத்துப்பிழை இருக்கிறது. கெர்னல் ஒரு போலி ரெகுலேட்டரைக் கொடுத்து, எனேபிள் வெற்றி என்று சொல்லிவிடும். நீங்கள் கொடுத்த எந்த நேர எண்ணும் பயன்படாது.

இந்த அழைப்புகள் தூங்கக் கூடியவை. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டோ அழைத்தால் "ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்" என்ற எச்சரிக்கை வரும். அப்படித் தேவைப்பட்டால் த்ரெடட் இன்டரப்டுக்கோ வொர்க்கியூவுக்கோ வேலையை மாற்றுங்கள். வளர்ச்சிக் கட்டத்தில் கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் எப்போதும் ஆனில் இருக்கட்டும்.

சாதனத்தின் சொந்தக் காத்திருப்புக்கு எந்தச் செயற்கூறு? 10 மைக்ரோ வினாடிக்குள் என்றால் யுடிலே. அது சிபியுவைச் சுற்றவிட்டுக் காக்கிறது, ஆகவே அதற்கு மேல் வேண்டாம். 10 மைக்ரோ வினாடி முதல் 20 மில்லி வினாடி வரை யுஸ்லீப்_ரேஞ்ச். அதற்கு மேல் எம்ஸ்லீப். எம்ஸ்லீப்(1) என்று எழுதினால், டிக் வேகம் (கெர்னல் கடிகாரம் வினாடிக்குத் துடிக்கும் எண்ணிக்கை) 100 உள்ள கெர்னலில் 20 மில்லி வினாடி வரைகூடப் போகும். தேர்வைக் கெர்னலிடமே விட எஃப்ஸ்லீப் இருக்கிறது; புதிதாக எழுதுவோருக்கு அதுவே நல்லது. பூட் நேரம் நூறு மில்லி வினாடிக்கணக்கில் உள்ள சாதனம் என்றால், டிரைவரின் புரோப்_டைப் புலத்தில் புரோப்_ப்ரிஃபர்_அசிங்க்ரனஸ் கொடுங்கள். கணினி முழுவதும் அந்த ஒரு சாதனத்துக்காக நிற்காது.

எண்கள் உண்மையில் பயன்படுகின்றனவா

டீபக்எஃப்எஸ்-இல் ரெகுலேட்டர் கோப்புறைக்குள் ரெகுலேட்டர்_சம்மரி என்ற கோப்பு இருக்கிறது. எந்த ரெயில் எதிலிருந்து ஊட்டம் பெறுகிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், மின்னழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் மரமாகத் தெரியும். உங்கள் சாதனத்தின் பெயர் எதிர்பார்த்த ரெயிலுக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேரத்தைப் பார்க்க ட்ரேஸ் நிகழ்வுகள் உள்ளன. ட்ரேஸ்எஃப்எஸ்-இல் ஈவென்ட்ஸ், அதற்குள் ரெகுலேட்டர், அதற்குள் எனேபிள் என்ற கோப்பில் 1 எழுதுங்கள். பூட்டின்போதே வேண்டுமானால் கெர்னல் கட்டளை வரியில் ட்ரேஸ்_ஈவென்ட்=ரெகுலேட்டர்:* என்று சேருங்கள். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ரெகுலேட்டர்_எனேபிள், ரெகுலேட்டர்_எனேபிள்_டிலே, ரெகுலேட்டர்_எனேபிள்_கம்ப்ளீட் என்று மூன்று வரிகள் நேர முத்திரையோடு வரும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் நீங்கள் எழுதிய 2500 மைக்ரோ வினாடியோ அதற்குச் சற்று அதிகமோ இருக்க வேண்டும். சில மைக்ரோ வினாடிதான் இருக்கிறதென்றால் எண் டிரைவரைச் சென்றடையவில்லை: பண்பின் பெயரில் பிழை, தவறான நோடு, அல்லது பழைய டிடிபி (தொகுக்கப்பட்ட டிவைஸ் ட்ரீ) கோப்பு லோடாகியிருக்கிறது.

மூன்று வரிகளும் வரவே இல்லையென்றால், ரெகுலேட்டர் ஏற்கெனவே ஆனில் இருந்திருக்கும். பூட்லோடர் ஆன் செய்து விட்ட ரெயிலாகவோ, இன்னொரு சாதனம் பிடித்துவைத்திருக்கும் ரெயிலாகவோ இருக்கலாம். ஏற்கெனவே ஆனில் உள்ளதற்குக் கோர் எண்ணிக்கையை மட்டும் கூட்டும், காத்திருக்காது. அது சரியான நடத்தையே. ஆனால் பகிர்ந்த ரெயிலில் டிஸேபிள் அழைத்துச் சாதனத்தை ரீசெட் செய்ய நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்: கடைசிப் பயனர் விடும் வரை மின்சாரம் போகாது. அந்த வேலைக்கு ரீசெட் பின்தான் வழி.

பூட் ஆகி ஏறத்தாழ 30 வினாடி கழித்து ஒரு சாதனம் திடீரென்று செத்துப்போனால், அந்த எண் தற்செயல் அல்ல. துவக்கம் முடிந்து 30 வினாடியில், யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களைக் கெர்னல் அணைக்கிறது. உங்கள் டிரைவர் சப்ளையைக் கேட்காமலே, பூட்லோடர் விட்டுச்சென்ற மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் போட்டு மூடிவிடாமல், டிரைவரில் சப்ளையைக் கேட்டு எனேபிள் செய்யுங்கள்.

ரன்டைம் பிஎம் (பயன்படாதபோது சாதனத்தைத் தானே உறங்கவைக்கும் வசதி) சேர்த்த பிறகு சாதனம் மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால், ட்ரேஸில் ஆன்-ஆஃப் ஜோடிகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வாசிப்புக்கும் ரெயில் அணைந்து எழுந்தால், 120 மில்லி வினாடி ஆஃப்-ஆன் இடைவெளியும் 2.5 மில்லி வினாடி ஏற்றமும் சாதனத்தின் பூட் நேரமும் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொள்ளும். பிஎம்_ரன்டைம்_செட்_ஆட்டோசஸ்பெண்ட்_டிலே அழைப்பில் ஓரிரு வினாடி கொடுத்து, டிரைவர் சாதனத்தை விடுவிக்கும் இடங்களில் ஆட்டோசஸ்பெண்ட் வகை அழைப்பைப் பயன்படுத்துங்கள். அடுத்தடுத்த வாசிப்புகளுக்கு இடையில் ரெயில் ஆனிலேயே நிற்கும்.